கட்டிலுக்கு அடியில் ஐந்து கால்கள்

போன மாதம் சங்கரன்கோவிலில் அம்மா வீட்டுக்கு வெள்ளையடித்தார்கள். கட்டிலை நகர்த்தியபோது சுவரோரமாக ஒரு கோணிச் சாக்கு கிடந்தது. அவிழ்த்துக் கொட்டினால் என் கால்கள். மொத்தம் ஐந்து.

எல்லாம் காலிபர்கள், வலுவில்லாத காலில் கட்டிக்கொண்டு நடக்கிற சட்டங்கள். இரண்டு பக்கமும் இரும்புக் கம்பி, தொடைக்கு ஒரு தோல் பட்டை, கெண்டைக்காலுக்கு ஒன்று, முட்டிக்கு மெத்தை வைத்த ஒன்று, அடியில் பூட்ஸ். சின்னது என் முழங்கையிலிருந்து விரல்நுனி வரைதான் வரும். பெரியதை நிமிர்த்தி வைத்தால் இப்போதும் என் தொடை இடுக்கு வரை நிற்கிறது. தோல் வெடித்துக் கருவாடு மாதிரி ஆகியிருந்தது. பழைய இரும்புக்காரர் தெருவில்தான் இருந்தார். கூப்பிடவா என்று கேட்டதற்கு அம்மா, "போடே, அதெல்லாம் போடக் கூடாது" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். ஏன் என்று நானும் கேட்கவில்லை.

அன்று ராத்திரி அவற்றை வரிசையாகப் படுக்க வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதன் விளைவுதான் இந்தப் பதிவு.

1975-ல் எனக்கு ஒன்றரை வயது. மூன்று நாள் காய்ச்சல். நாலாம் நாள் அம்மா தூக்கி நிறுத்தினால் வலது கால் துணி மாதிரி மடங்கியது. இளம்பிள்ளை வாதம். போலியோ கிருமி தொற்றுகிறவர்களில் சுமார் இருநூறு பேருக்கு ஒருவருக்குத்தான் கை கால் விளங்காமல் போகும் என்று பிற்பாடு படித்தேன். எங்கள் தெருவில் மட்டும் அந்த ஒருவர் மூன்று பேர் இருந்தோம். அப்படியானால் கிருமி எத்தனை வீட்டுக்குள் சத்தமில்லாமல் போய்வந்திருக்கும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

ஒரு விஷயம் பலருக்குத் தெரிவதில்லை. போலியோ காலுக்கு உணர்ச்சி போகாது. தண்டுவடத்தில் தசையை இயக்குகிற நரம்பு செல்களைத்தான் கிருமி சாப்பிடும். தொட்டால் தெரியும், சுட்டால் தெரியும். எறும்பு கடித்தால் நன்றாகவே தெரியும், உதறத்தான் வராது. இரும்பையும் தோலையும் அந்தக் காலில் நாள் முழுக்கக் கட்டினால் என்ன ஆகும் என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

தொடையின் முன்பக்கத் தசைதான் முட்டியை மடங்காமல் பிடித்து வைக்கிறது. அது போய்விட்டால், அந்தக் காலில் எடையை வைத்ததும் முட்டி முன்னால் மடங்கி ஆள் விழுந்துவிடுவான். அதனால் நாங்கள் கையால் தொடையை அமுக்கிக்கொண்டு நடப்போம். ஒவ்வொரு எட்டுக்கும் ஒரு குனிவு. பஸ் ஸ்டாண்டில் இப்படி நடக்கிற ஐம்பது வயதுக்காரரைப் பார்த்திருப்பீர்கள். காலிபர் அந்தக் கையின் வேலையை எடுத்துக்கொள்கிறது. முட்டியை நீட்டிப் பூட்டிவிடும். கை விடுதலை. புத்தகப்பையைத் தூக்கலாம், குடை பிடிக்கலாம். ஆறு வயதில் முதன்முறையாக இரண்டு கையையும் வீசி நடந்தது எனக்கு நினைவிருக்கிறது. அது ஞாபகமா, அம்மா திரும்பத் திரும்பச் சொன்னதால் உண்டான ஞாபகமா என்பது வேறு விஷயம்.

முதல் காலிபருக்கு அளவெடுத்த இடம் ஒரு பெரிய ஊர் ஆஸ்பத்திரியின் பின்கட்டு. உள்ளே போனால் தோல் வாடையும் பசை வாடையும். ஒரு பக்கம் தையல் மிஷின், ஒரு பக்கம் பட்டறை, சுவரில் ஆணியடித்து மாட்டிய கால்கள். தரையில் காக்கித் தாளை விரித்து என்னைப் படுக்க வைத்தார்கள். ஒருவர் பென்சிலை நேராகப் பிடித்துக் காலைச் சுற்றிக் கோடு இழுத்தார். கூச்சத்தில் நான் நெளிய, அப்பா தோளைப் பிடித்துக்கொண்டார். கவட்டுக்கு ஒரு கோடு, முட்டிக்கு ஒரு கோடு, கணுக்காலுக்கு ஒரு கோடு. நான் எழுந்த பிறகு தாளில் என் கால் மட்டும் படுத்திருந்தது.

அந்த முட்டிக் கோட்டில்தான் முழு வித்தையும் இருக்கிறது. காலிபரின் கீல், நம் சொந்த முட்டி மடங்குகிற இடத்துக்கு நேராக இருக்க வேண்டும். கொஞ்சம் மேலேயோ கீழேயோ தள்ளிப் போனால், உட்கார்ந்து எழும் ஒவ்வொரு முறையும் இரும்பு ஒரு பக்கமும் கால் ஒரு பக்கமும் இழுக்கும். பட்டை ஏறி இறங்கி உரசும். தோல் சிவக்கும், அப்புறம் உரியும். பெரியவர்களுக்கு ஒரு தடவை சரியாக அமைந்தால் போதும். குழந்தையின் எலும்போ வளர்ந்துகொண்டே இருக்கிறது, கம்பி வளராது. அதற்காகக் கம்பியை இரண்டு துண்டாக ஒன்றன்மேல் ஒன்று வைத்து, வரிசையாகத் துளை போட்டு, ஸ்க்ரூவால் இறுக்கியிருப்பார்கள். கால் நீளும்போது ஒரு துளை தள்ளி மாட்ட வேண்டும். என் முதல் காலிபரில் நாலு துளைகள் இருக்கின்றன. ஸ்க்ரூ இன்றும் முதல் துளையிலேயே துருப்பிடித்து நிற்கிறது. தள்ளி மாட்ட வேண்டும் என்று யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை. அல்லது சொல்லியிருக்கலாம், விசைத்தறிச் சத்தத்திலேயே வாழ்ந்த அப்பாவுக்குக் காது சரியாகக் கேட்காது.

பூட்டுக்கு வருகிறேன். கீலுக்கு மேலே கம்பியில் ஒரு இரும்பு வளையம். காலை நேராக நீட்டி எழுந்ததும் வளையம் தன் எடையிலேயே சறுக்கி இறங்கிக் கீலின் மேல் உட்காரும். 'டக்'. உட்கார வேண்டுமானால் குனிந்து அதை மேலே தூக்க வேண்டும். இரண்டு பக்கமும் இரண்டு வளையம். வகுப்பில் வாத்தியார் நுழைந்ததும் எல்லாரும் எழும்போது என் 'டக் டக்' மட்டும் கடைசியாகக் கேட்கும். சில சமயம் ஒன்று விழும், ஒன்று விழாது. விழாததைக் கையால் தட்டுவேன். அதற்குள் வாத்தியார் உட்காரச் சொல்லியிருப்பார்.

பள்ளிக்கூடம்கூடப் பரவாயில்லை. பெரிய சிக்கல் வீடும் கோவிலும்தான். இந்தச் சாமானைக் கண்டுபிடித்தவர்கள் வீட்டுக்குள்ளும் பூட்ஸோடு நடக்கிறவர்கள் என்று எனக்குத் தோன்றும். கம்பி பூட்ஸோடு சேர்ந்தே இருக்கிறது. பூட்ஸைக் கழற்றினால் காலிபரே போச்சு. ஆச்சி தோலை அடுப்படிப் பக்கம் விடமாட்டாள். ஆகவே வாசலில் உட்கார்ந்து எல்லாப் பட்டையையும் அவிழ்த்துவிட்டுக் கையை ஊன்றித் தவழ்ந்துதான் சோற்றுக்குப் போவேன். பள்ளியில் நடக்கிற பையன், வீட்டில் தவழ்கிற பையன். கோமதியம்மன் சன்னதிக்கு ஒருதடவைகூட நான் என் காலில் நடந்து போனதில்லை. ஆடித்தபசுக் கூட்டத்தில் அப்பா தோளில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். அவர் தூக்க முடியாத வயது வந்ததும் செருப்பு வைக்கிற இடத்தில் நின்றுவிடுவேன். அங்கே நின்றே சிநேகமான ஆட்கள் உண்டு. சாமிக்கு அவர்களைத்தான் ரொம்பப் பிடிக்கும் என்று ஆச்சி சமாதானம் சொல்வாள். தோல் விஷயத்தில் மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டாள்.

இரண்டாவது காலிபர் புதுக்கருக்கு மாறாமல் இருக்கிறது. அது முகாமில் கிடைத்தது. எனக்கு ஒன்பது வயது. கல்யாண மண்டபம், பந்தல், மைக். காலையில் ஏழு மணிக்குப் போனோம், மேடைக்குக் கூப்பிட்டபோது மத்தியானம் இரண்டு. பொன்னாடை போர்த்திய ஒருவர் காலிபரை என் கையில் கொடுத்தார், போட்டோ எடுத்தார்கள். அளவெடுத்தது எட்டு மாதத்துக்கு முன்னால். அந்த எட்டு மாதத்தில் என்னைக் கேட்காமல் நான் வளர்ந்துவிட்டேன். கீல் முட்டிக்கு இரண்டு விரல்கடை கீழே நின்றது. இறங்கி வந்து அப்பா யாரிடமோ கேட்டார். "முதல்ல கொஞ்ச நாள் அப்படித்தான் இருக்கும், பழகிரும்" என்றார்கள். பழகவில்லை. பத்து நாளில் தொடையில் புண். சாக்குக்குள் போனது.

முகாம் வைப்பவர்கள் மீது எனக்குக் கோபம் இல்லை. அந்தக் காலத்தில் அதுவும் இல்லாவிட்டால் ஒன்றுமே இல்லை. ஆனால் காலிபரை வேட்டி சேலை மாதிரி கொடுக்கிற பழக்கம் மட்டும் இன்னும் எனக்கு ஒத்துக்கொள்ளவே இல்லை. இது கொடுத்து முடிகிற பொருள் கிடையாது. போட்டுப் பார்த்து, ஒரு வாரம் நடந்து, எங்கே சிவந்திருக்கிறது என்று காட்டி, தட்டி நிமிர்த்தி, மறுபடி போட்டுப் பார்க்க வேண்டியது. மத்திய அரசின் உபகரணத் திட்டம் 1981-லிருந்து நடக்கிறது. ஒருமுறை வாங்கினால் மூன்று வருஷம் கழித்துத்தான் மறுபடி, ஆனால் சின்னக் குழந்தைகளுக்கு ஒரு வருஷத்திலேயே தரலாம் என்று அதன் விதியில் இருக்கிறது. விதி எழுதியவருக்குக் குழந்தை வளரும் என்று தெரிந்திருக்கிறது. நடுவில் வருகிற உரசலுக்கு எங்கே போவது என்பதற்குத்தான் வழியைக் காணோம்.

எனக்கு வழியாக இருந்தவர்கள் இரண்டு பேர். ஒருவர் பஸ் ஸ்டாண்ட் பக்கம் புளியமரத்தடியில் செருப்பு தைத்த தாத்தா. வார் அறுந்தால், பக்கிள் போனால், பூட்ஸ் அடி தேய்ந்தால் அவர்தான். போலியோ கால் கட்டையாகவே வளரும் என்பதால் பூட்ஸின் அடியில் உயரம் ஏற்ற வேண்டும். ஆஸ்பத்திரியில் அதற்கு மாதக்கணக்கில் காத்திருக்கச் சொன்னார்கள். தாத்தா பழைய டயரை அடுக்கடுக்காக வெட்டி ஒட்டி, என்னை நிற்க வைத்து, பின்னால் போய் நின்று இடுப்பைப் பார்ப்பார். "தம்பி, வலப்பக்கம் சாயுதியே" என்று இன்னொரு அடுக்கு ஒட்டுவார். இடுப்பெலும்பு சமமாக இருக்கிறதா என்று டாக்டர்கள் பார்க்கிற அதே முறைதான் அது என்று எனக்குத் தெரிய முப்பது வருஷம் ஆனது.

இன்னொருவர் லேத் பட்டறை அண்ணாச்சி. மூன்றாவது காலிபர் அவர் புண்ணியத்தில் ஓடியது. எனக்குப் பதினைந்து வயதாகும்போது, பஸ்ஸைப் பிடிக்க வேகமாகப் போகையில் வளையம் துள்ளி மேலே ஏறிவிட்டது. தினம் நூறு தடவை ஏறி இறங்கி உள்பக்கம் தேய்ந்திருந்தது. முட்டி மடங்கியது. டீக்கடை பெஞ்சில் மோதித் தரையில் கிடந்தேன். பல் ஒன்று பாதி போனது, இன்றும் அப்படியே இருக்கிறது. விழுந்தால்கூடப் பரவாயில்லை. அதற்கப்புறம் ஒவ்வொரு எட்டுக்கும் பூட்டின் மேல் சந்தேகம் வந்துவிடுமே, அதுதான் கொடுமை.

அப்பா என்னைத் தனக்குத் தெரிந்த லேத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார். தறிக்கு உதிரிபாகம் கடைகிற இடம். "அண்ணாச்சி, பையனோட காலிபர் கெட்டுப்போச்சு, சரி பண்ணணும்" என்றார். அண்ணாச்சி மேஜை டிராயரைத் திறந்து வெர்னியர் காலிபரை எடுத்து நீட்டினார். "எனக்குத் தெரிஞ்ச காலிபர் இதுதான். இது நல்லாத்தான இருக்கு?" அப்புறம் என் காலைப் பார்த்துவிட்டு ஒன்றும் பேசவில்லை. ஸ்டூலில் உட்காரச் சொல்லி, அந்தக் காலிபரால் இந்தக் காலிபரை அளந்தார். கம்பியின் அகலம், தடிமன், வளையத்தின் உள்வாய். கம்பியின் ஓரமே மழுங்கியிருக்கிறது, வளையத்தை மட்டும் மாற்றினால் பத்து நாள்கூடத் தாங்காது என்றார். ஓரத்தில் வெல்டிங் வைத்து ராவி, புது வளையம் இரண்டைக் கடைந்து, கீழே இறங்கி உட்காரும்போது லேசாக இறுகுகிற மாதிரி உள்பக்கத்தைத் தேய்த்தார். ஒரு மணி நேரம் நாலு தறிக்காரர்கள் வாசலில் நின்றார்கள். "பையனை நிக்க விட்டுட்டு வாரேன்" என்று அவர்களிடம் சொன்னார். காசு வாங்கவில்லை. அந்த வளையங்கள் இப்போதும் அந்த மூன்றாம் காலில் இருக்கின்றன. கம்பி முழுக்கத் துரு, வளையம் மட்டும் விரலால் தள்ளினால் சறுக்குகிறது.

பூட்டு ஏமாற்றுவதில் பெரிய ஆள் சின்ன ஆள் கிடையாது. அமெரிக்க ஜனாதிபதி ரூஸ்வெல்ட்டுக்கு 39 வயதில், 1921-ல், இரண்டு கால்களும் விளங்காமல் போயின. எழுந்து நிற்க இரண்டு காலுக்கும் இரும்புக் காலிபர்தான். வெளியே தெரியாதிருக்கக் கறுப்புப் பெயிண்ட் அடித்திருந்தார். 1936 ஜூன் 27 அன்று பிலடெல்பியாவில் ஒரு பெரிய கூட்டத்துக்கு நடந்து போகும்போது, ஒரு கவிஞருக்குக் கை கொடுக்கத் திரும்பினார். முட்டிப் பூட்டு விட்டுவிட்டது. சரிந்தவரை ஆட்கள் பிடித்துத் தூக்கி நிறுத்தி, பூட்டை மறுபடி மாட்டினார்கள். சிதறிய பேச்சுத் தாள்களைப் பொறுக்கிக் கொடுத்தார்கள், மேடையேறிப் பேசினார். இத்தனை வருஷம் மறைத்துவிட்டு, 1945 மார்ச் 1-ல் யால்டா மாநாட்டிலிருந்து திரும்பி வந்து நாடாளுமன்றத்தில் உட்கார்ந்தபடியே பேசினார். கால் அடியில் பத்து பவுண்டு எஃகைச் சுமக்காமல் இருப்பது எவ்வளவோ சௌகரியம் என்று அப்போது வாய்விட்டுச் சொன்னார். அதற்கடுத்த மாதம் போய்ச் சேர்ந்துவிட்டார். அந்த வரியைப் படித்த அன்று அவரை ஒரு ஜனாதிபதியாக அல்ல, செருப்பு ஸ்டாண்டில் பக்கத்தில் நிற்கிற ஆளாக நினைத்துக்கொண்டேன்.

நாலாவதையும் ஐந்தாவதையும் பற்றிப் பெரிதாக ஒன்றுமில்லை. கல்லூரிக்கு ஒன்று, வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒன்று. ஐந்தாவதை மொத்தமே இருபது நாள் போட்டிருப்பேன். பேண்ட் முட்டியில் கிழியும். தையல்காரர் சொன்ன அகலத்தில் தைத்தால் பாவாடை மாதிரி இருக்கும். பெண் பார்க்கப் போகும்போது 'டக்' சத்தம் வேண்டாம் என்று வீட்டில் சொன்னார்கள். எனக்கும் வேண்டாமென்றுதான் இருந்தது. கழற்றி வைத்துவிட்டுக் கையை மறுபடி தொடையில் வைத்தேன். இருபத்தைந்து வருஷம் அப்படியே ஓடிப்போனது.

இடையில் கலாம் கதை வந்தது. ராமேஸ்வரத்துக்காரர், அதனால் எங்கள் பக்கத்தில் எல்லாருக்கும் தெரியும். ஏவுகணை வேலையில் இருந்தபோது, ஹைதராபாத் நிஜாம் மருத்துவ அறிவியல் நிறுவனத்தின் எலும்பு மருத்துவர் ஒருவர் அவர் ஆய்வுக்கூடத்துக்கு வருகிறார். எடை குறைந்த ஒரு பொருளைத் தூக்கிப் பார்த்துவிட்டுத் தன் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போகிறார். அங்கே பிள்ளைகள் மூன்று கிலோவுக்கு மேல் எடையுள்ள காலிபர்களை இழுத்துக்கொண்டு நடக்கிறார்கள். மூன்று வாரத்தில் 300 கிராமில் செய்து கொடுத்தார்கள். பிள்ளைகளுக்கும் பெற்றோருக்கும் கண்ணில் நீர். தன் வாழ்க்கையின் பெரிய ஆனந்தங்களில் ஒன்று என்று கலாம் பல மேடைகளில் சொன்னார். இதை எனக்கு அனுப்பாத சொந்தக்காரர் கிடையாது. "மாப்ளே, ராக்கெட் சாமான்ல 300 கிராமாம், நீ ஏன் வாங்கல?"

ஏன் வாங்கவில்லை என்றால், அது வேறு ஜாதிக் கருவி. முட்டிக்குக் கீழே முன்பக்கமாக ஒரு கூடு இருக்கும். பாதம் தரையில் பதியும்போது தரை கொடுக்கிற எதிர்விசை அந்தக் கூடு வழியாகக் கெண்டைக்கால் எலும்பைப் பின்னால் தள்ளும். முட்டி தானாக நேராகும். பூட்டே வேண்டாம். அழகான யோசனை. ஆனால் இடுப்பில் கொஞ்சமாவது வலு வேண்டும், முட்டி சொன்னபடி கேட்க வேண்டும். கையால் அமுக்கி அமுக்கி என் முட்டி இத்தனை வருஷத்தில் பின்பக்கமாக வில்லாக வளைந்துவிட்டது. அதை இன்னும் பின்னால் தள்ளுகிற கருவி எனக்கு எமன். இதைக் கல்யாண வீட்டில் இலை போடுவதற்குள் சொல்லி முடிக்க முடியாது. "பாக்கணும் மாமா" என்று விட்டுவிடுவேன்.

48 வயதில் நல்ல கால் களைக்க ஆரம்பித்தது. கெட்ட காலும் கூடவே. மாடி ஏறினால் தொடை நடுங்கும், தூங்கி எழுந்தாலும் அசதி போகாது. இதற்குப் பெயரே இருக்கிறது, போலியோவுக்குப் பிந்தைய தளர்ச்சி. நரம்பு செல்கள் செத்த இடத்தில், பிழைத்த செல்கள் கிளைவிட்டு அனாதையான தசைநார்களையும் சேர்த்து இயக்கிக்கொண்டிருக்கும். தறிக்காரர் பாஷையில் சொன்னால், பக்கத்துத் தறிக்காரன் வராததால் நாலு தறி பார்க்கிறவன் எட்டுத் தறி பார்க்கிறான். பத்து வருஷம் பார்ப்பான், இருபது வருஷம் பார்ப்பான். அப்புறம் அவனும் உட்கார்ந்துவிடுவான். டாக்டர் முட்டியைப் படம் எடுத்துப் பார்த்துவிட்டு, "காலிபரை ஏன் சார் விட்டீங்க?" என்றார். பெண் பார்க்கப் போனேன் என்றா சொல்வது?

இந்த முறை காக்கித் தாள் இல்லை. காலில் உறை மாட்டி, மாவுக்கட்டுத் துணியை நனைத்துச் சுற்றி, காய்ந்ததும் முன்பக்கம் வெட்டிக் கூடாகக் கழற்றினார்கள். அந்த அச்சில் மாவுக்கட்டு மாவைக் கரைத்து ஊற்றிக் காலை வார்த்து, அதன்மேல் சூடான பிளாஸ்டிக் தகட்டைப் படிய வைக்கிறார்கள். அளவெடுத்த தம்பிக்கு இருபத்தாறு வயது இருக்கும். பொறுமையான பையன். என் காலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "சார், போலியோ காலை நான் புத்தகத்துலதான் அதிகம் பாத்திருக்கேன்" என்றான். அவன் மேல் தப்பில்லை. இந்தியாவில் இயற்கையான கிருமியால் வந்த கடைசி போலியோ 2011 ஜனவரி 13, மேற்கு வங்காளம் ஹவுராவில் ஒரு சின்னப் பெண் குழந்தைக்கு. 2014 மார்ச் 27-ல் போலியோ ஒழிந்த நாடு என்று சான்றும் கிடைத்துவிட்டது. நோய் ஒழிந்தது நல்லது, ரொம்ப நல்லது. நோய் வந்தவர்கள் மட்டும் இன்னும் மாடி ஏறிக்கொண்டிருக்கிறோம். எங்கள் காலைப் பார்த்துப் பழகிய கைகள் ஒவ்வொன்றாக ரிட்டையர் ஆகிவிட்டன.

புதியது முதலில் கடித்தது, நாலு தடவை போய்த் திருத்திய பிறகு அடங்கியது. ஒரு கிலோ சொச்சம். பாதத்தகடு செருப்புக்குள்ளேயே போய்விடுகிறது, செருப்பைக் கழற்றிவிட்டுக் காலிபரோடு நடக்கலாம். இதற்கு மேலான வகையும் உண்டு. கால் ஊன்றும்போது பூட்டி, தூக்கும்போது தானே திறக்கும். உள்ளே சின்னக் கம்ப்யூட்டர் வைத்துக்கூட வருகிறது. விலை பல லட்சம். கெட்டால் சரி பண்ண அண்ணாச்சி லேத் உதவாது. நான் வளையப் பூட்டே போதும் என்று சொல்லிவிட்டேன். 'டக்' சத்தம் இல்லாமல் பூட்டு விழுந்ததா என்று எனக்கு எப்படித் தெரியும்?

வெள்ளையடித்து முடிந்த அன்று சாயங்காலம் கோவிலுக்குப் போனேன். செருப்பை வெளியே விட்டுவிட்டு, வெள்ளைப் பிளாஸ்டிக் காலோடு கல்தரையில் நடந்தேன். கல்தரையில் அது வழுக்கும், அடியில் ரப்பர் ஒட்ட வேண்டும் என்று குறித்துக்கொண்டேன். யாரும் ஒன்றும் கேட்கவில்லை. திரும்பி வந்ததும் அம்மா என் காலை வாங்கி மடியில் வைத்துத் திருப்பிப் பார்த்தாள். "இதுல தோலே இல்லையே. ஆச்சி இருந்திருந்தா அடுப்படி வரைக்கும் விட்டுருப்பா" என்றாள். அப்புறம் கட்டிலுக்கு அடியில் எட்டிப் பார்த்துவிட்டு, "இதுக்கும் இடம் கெடக்கு" என்றாள்.

கெண்டைக்கால் உள்பக்கம் ஓர் இடத்தில் உரசுகிறது. பேனாவால் வட்டம் போட்டு வைத்திருக்கிறேன். செவ்வாய்க்கிழமை அந்தத் தம்பியிடம் காட்ட வேண்டும், அதுவரை குளிக்கும்போது அழியாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.